ஒற்றைக் கால்

எண்பத்தாறாம் பக்கத்தின் கடைசிச் சொல்லை வாசித்து, "புள்ளி" என்று சொல்லி நிறுத்தியதும் அவள் குடுவையைத் திறந்து வெந்நீரை மூடியில் ஊற்றிக்கொண்டாள். தொண்டை ஒன்றும் வறண்டுவிடவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. மேசைக்கு எதிர்ப்புறம் அவள் கணவர், வழக்கம்போல் இடது காலை மடித்து நாற்காலிமேல் ஏற்றி, வலது காலை மட்டும் தரையில் ஊன்றி, கழுத்தை நீட்டித் தாளின்மேல் குனிந்திருந்தார். வாசிப்பு நின்றதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. சிவப்புப் பேனாவின் முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அடுத்த சொல் காதில் விழும்வரை அது அப்படியேதான் நிற்கும். ஒரு நிமிடமானாலும் நிற்கும், பத்து நிமிடமானாலும் நிற்கும்.

முப்பத்திரண்டு வருடங்களாக இருவருக்கும் இதுதான் வேலை. ஆசிரியர் கைப்பட எழுதிய மூலப்படியை அவள் உரக்க வாசிப்பாள். அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்பில் அதே வரிகளை அவர் கண்ணால் தொடர்ந்து, மாறுபடும் இடத்தில் குறி போடுவார். வாசிப்பது என்றால் செய்தித்தாள் வாசிப்பது போல அல்ல. சொல்லோடு நிறுத்தக்குறிகளையும் சொல்ல வேண்டும். சந்தேகம் வரக்கூடிய இடங்களில் "சின்ன ர", "மூணு சுழி ண", "ஒற்று உண்டு" என்று எழுத்தையும் காட்டிக்கொடுக்க வேண்டும். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று பதிப்பகத்தில் வாயிற்காவலர் வரைக்கும் பிடித்து நிறுத்திச் சொல்லியதில் அவருக்கு 'ஒற்று சார்' என்று பெயர் விழுந்தது. அவளுக்குக் 'காற்புள்ளி அக்கா'. வீட்டில் மளிகைப் பட்டியலைக்கூட அவள் காற்புள்ளி சொல்லித்தான் வாசிப்பாள் என்று ஒரு கதை உலவியது. கதை பாதிதான் பொய்.

அந்த மேசைக்கென்று ஒரு மரியாதை இருந்தது. வீட்டில் "ஏய், மூக்குக்கண்ணாடி எங்க?" என்று கத்துகிறவர், மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் "வாசிங்க" என்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அப்படி ஆரம்பித்தது, கல்யாணமான மறுவாரம் வந்து உட்கார்ந்தபோதும் அதுவே வாயில் வந்தது, பிறகு மாறவேயில்லை. அவளும் அங்கே அவரை சார் என்றுதான் கூப்பிட்டாள். காலையில் குளியலறை யாருக்கு முதலில் என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தால்கூட, பத்து மணிக்கு "சார், ஆரம்பிக்கலாமா?" "ம், வாசிங்க" என்று வேலை தொடங்கிவிடும். மேசையைச் சுற்றி அவர்கள் இரண்டு நல்ல அந்நியர்கள். சில நாட்களில் அவளுக்கு வீட்டைவிட அந்த மேசைதான் அதிகம் பிடித்திருந்தது.

கணினியில் பக்கம் அமைக்கும் பெண் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன அக்கா, சத்தத்தையே காணோம்? வண்டி பஞ்சரா?"

"தண்ணி குடிக்கணும்னாகூட உன்கிட்ட சீட்டு வாங்கணுமா?"

"குடிங்க, குடிங்க. அடுத்தது நரைப் பாட்டுதானே? அதக் கேக்கத்தான் வந்தேன். என் கல்யாண அழைப்பிதழ்ல அந்த வரியத்தான் போடப் போறேன். அவருக்கு இப்பவே முன்தலை பாதி காலி. நரைக்கறதுக்கு ஏதாவது மிஞ்சுமான்னு எங்கம்மாவுக்குக் கவல."

அவர் தலை நிமிராமலே சொன்னார். "அழைப்பிதழ் மெய்ப்ப முதல்ல என்கிட்ட காட்டு. உங்க அக்கா கல்யாணத்துக்கு 'வாழ்த்துக்கள்'னு போட்டு மானத்த வாங்கினீங்க. அதுல ஒரு 'க்' அதிகம்."

"அந்த ஒரு 'க்'காலதான் சார் எங்க அத்தான் இன்னிக்கு வரைக்கும் முறைச்சுட்டுத் திரியறாரு." சிரித்துக்கொண்டே அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள். கதவு பாதி திறந்தே இருந்தது.

புத்தகம் பழைய காதல் பாட்டுகளின் தொகுப்பு. எப்போதோ காலமாகிவிட்ட ஒரு பேராசிரியர் அரும்பாடுபட்டுத் திரட்டியது. இப்போது மூன்றாம் பதிப்பு. இரண்டாம் பதிப்பின்போது முதல் பதிப்புப் புத்தகத்தையே வைத்து ஒப்பிட்டு வேலையை முடித்துவிட்டார்கள். இந்த முறை பேராசிரியரின் மகள் வீட்டை ஒழித்தபோது, அப்பா கையெழுத்தில் இருந்த மூலப்படி முழுவதையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார். மூலம் வந்திருக்கும்போது மூலத்தோடுதானே ஒப்பிட வேண்டும். போன திங்கட்கிழமை அந்தப் பெட்டியைப் பார்த்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது, இந்த வாரத்தில் ஒரு நாள் தான் எண்பத்தேழாம் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும் என்று.

நான்கு வரிப் பாட்டு. எழுதியவர் பெயர் தெரியாது. பிரிந்து போகிறவன், வெண்மை உன் கண்ணில் படுமுன் வந்துவிடுவேன் என்று தன் காதலியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். முதல் இரண்டு வரியில் அவ்வளவுதான். அடுத்த இரண்டு வரியில் அவள் பேசுகிறாள்:

நரையும் வந்தது; நாளும் போயின;
யாரை வினவுவேன் அவர்வரு நெறியே.

புத்தகத்தில் இருநூற்றுச் சொச்சம் பாட்டுகள் இருந்தும் ஊரெல்லாம் பரவியது இந்த ஒன்றுதான். கடிதங்களில் எழுதினார்கள், மேடைகளில் சொன்னார்கள். சொன்ன சொல்லை ஒருவன் மறந்துபோக, தலை வெளுக்கும்வரை ஒருத்தி காத்திருக்கிறாள் என்றால் கேட்கிறவர்கள் அதை எழுதிவைத்துக்கொள்ளத்தானே செய்வார்கள். ஒற்று சாருக்கு மட்டும் அந்தப் பாட்டில் ஒரு மனக்குறை இருந்தது. "எல்லாம் சரி, இந்த ஒரு இடத்துல மட்டும் புலவர் கொஞ்சம் கண்ணசந்துட்டார்," என்பார். "கீழ்வரி 'யாரை'ன்னு நீட்டி ஆரம்பிக்குது. மேல்வரியும் நீண்டாத்தான் எதுகை ஜோடியா நடக்கும். இவரு 'நரை'ன்னு குறுக்கி வச்சு நொண்ட விட்டுட்டார்." புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், எழுத்தாளர்கள், தபால் கொண்டுவருகிறவர் என்று ஒருவரையும் அவர் விட்டுவைத்ததில்லை. அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் எழுந்துபோய் எதையாவது தேடுவாள்.

புலவர் கண்ணசரவில்லை. மூலப்படியில் இருந்தது 'நாரை'. நாரையும் வந்தது. நீர்நிலைக்குப் பருவம் தவறாமல் வரும் அந்த வெள்ளைப் பறவை. நரைக்கும் நாரைக்கும் நடுவே ஒரே ஒரு துணைக்கால். அதை ஒடித்தவள் அவள்.

அப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது. வேலைக்கு வந்து இரண்டாவது மாதம். அவருக்கு இருபத்தொன்பது. எழுத்துகளை ஒவ்வொன்றாக ஈயத்தில் கோத்து அச்சடித்த காலம், சன்னலில்லாத அறை, பகலிலும் மேசைமேல் விளக்கு எரியும். அந்தப் பாட்டுக்கு வந்தபோது அவள் ஏனோ தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். ஏனோ என்ன ஏனோ, சில நாட்களாகவே அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில், குனிந்திருந்த அவர் காதோரத்தில் ஒரே ஒரு முடி வெள்ளையாகத் தெரிந்தது. கன்னங்கரேலென்ற தலையில் அது ஒன்று மட்டும். இந்த மனிதருக்கு ஒருநாள் தலை முழுக்க இப்படி ஆகும், அதைப் பார்க்க யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நேரத்தில் அவள் நாவிலிருந்து விழுந்த சொல், "நரையும் வந்தது".

அவர் பேனா நின்றது. பிறகு, "இன்னொரு தடவ வாசிங்க," என்றார். அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. தான் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்துபோயிற்றோ என்ற பதற்றத்தில் தாளையே பார்க்காமல், சொன்னதையே சொன்னாள். "நரையும் வந்தது." மெய்ப்பில் அச்சுக்கோத்தவர் சரியாகத்தான் 'நாரை' என்று கோத்திருந்தார். ஒற்று சார் அந்தக் காலை அடித்தார். மறுநாள் அச்சுக்கோத்தவர் ஈயத் துணைக்காலை இடுக்கியால் பிடுங்கி அதன் பெட்டியில் போட்டார்.

அடுத்த வாரம் அந்தப் பக்கத்தின் இரண்டாம் மெய்ப்பு வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அதன் பக்கத்தில் அவருடைய பொடி எழுத்து: 'நரை வரும்வரை இந்தக் குரல் எதிரில் இருக்குமா? வாசிப்பவர் சரிபார்க்கவும்.' அவள் அரை நாள் முழுக்க அந்தத் தாளை வேறு தாள்களுக்கு அடியில் வைத்திருந்துவிட்டு, சாயங்காலம் 'சரி' என்று எழுதிக் கீழே ஒப்பமிட்டாள். இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. "வாசிக்கறதுக்குத்தானே அந்தப் பொண்ணு? மேசையோட விட்டுட்டு வா," என்று அவருடைய அம்மா சொன்னாராம். கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்று சார் ஒற்றைக்காலில் நின்றார். அவள் வீட்டில் அவள் நின்றாள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மூலப்படியைக் கட்டிப் பேராசிரியருக்குத் திருப்பி அனுப்பும் வேலை அவளிடம் வந்தது. அந்தப் பக்கத்தை ஆசையோடு எடுத்துப் பார்த்தாள். கால் இருந்தது. பேராசிரியர் கையெழுத்தில், கொஞ்சம் சாய்ந்து, நன்றாக நீளமாக இருந்தது. புத்தகம் அதற்குள் கடைக்குப் போய்விட்டிருந்தது. அவள் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். பேராசிரியருக்கு அதற்குள் பார்வை மங்கியிருந்தது; பிழை என்று அவரிடமிருந்து கடிதம் வரவேயில்லை.

சொல்லியிருக்கலாம். 'என் கையால ஒரு பிழை வெளிய போனதில்ல' என்பது அவருடைய ஒரே பெருமையாக இல்லாமலிருந்தால் சொல்லியிருப்பாள். ஒரு வருடம் தள்ளிச் சொல்லலாம் என்று நினைத்தாள். ஒரு வருடம் தள்ளியபின், ஒரு வருடம் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியே ஏறிக்கொண்டு போயிற்று. நடுவில் ஒருமுறை பேருந்து ஓட்டுநர் ஒருவர் சீருடையோடு வந்து இந்த மேசை முன்னால் நின்றார். மனைவி இறந்து நாற்பது நாள் ஆகிறது, கல்லறையில் அந்த வரியை வெட்டப் போகிறேன், எழுத்துப் பிழை இருக்கக் கூடாது, "நீங்கதான் இதுல கெட்டின்னு சொன்னாங்க," என்றார். ஒற்று சார் எழுந்து நின்று, வெள்ளைத் தாளில் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். நரையும் வந்தது. ஓட்டுநர் அதை மடிக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். அன்று இரவு அவள் சாப்பிடாமலே பாத்திரங்களைக் கழுவி வைத்தாள்.

வெந்நீர் தீர்ந்துவிட்டது. மூடியைத் திருகினாள். அவள் கையில்தான் மூலம் இருக்கிறது. வேறு யாரும் இதைப் பார்க்கப் போவதில்லை; வேலை முடிந்ததும் பெட்டி பேராசிரியரின் மகள் வீட்டுக்குத் திரும்பிப் போகும். அன்று வாசித்தது போலவே இன்றும் வாசித்தால் பேனா தாளில் படாமலே அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும். அடுத்த அறைப் பெண்ணுக்கு அழைப்பிதழ், ஓட்டுநருக்குக் கல், இவருக்குப் பிழையில்லாத முப்பத்திரண்டு வருடம், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். வாரம் முழுக்க அவள் இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் கடைசியில் முகம் தெரியாத அந்தப் புலவர் வந்து நின்றார். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு சொல்லை அதன் சரியான இடத்தில் வைத்துவிட்டுப் போனவர். அதே இடத்தில் கண்ணசந்தார் என்று தபால்காரர் முன்னால்கூடக் கேவலப்பட்டுவிட்டார்.

இன்னொன்றும் இருந்தது. இருபத்துநான்கு வயதில் அவளுக்கு நரைதான் பெரிய சொல்லாகத் தெரிந்தது. இப்போது அப்படியில்லை. நரைக்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை; அவளுக்கும் அவருக்கும் குளியலறைச் சண்டைகளுக்கு நடுவே அது எப்போது வந்தது என்றே தெரியாமல் வந்தது. நாரை அப்படியில்லை. ஒவ்வொரு வருடமும் வந்து நிற்கிறது, போகிறது, மறுபடி வந்து நிற்கிறது. பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஒவ்வொரு முறையும் அது புதிதாக வந்தாக வேண்டும். அந்தப் பாட்டுக்காரி எத்தனையாவது நாரையைப் பார்த்து இதைச் சொன்னாளோ.

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

முதல் இரண்டு வரியை அவளது வழக்கமான வேகத்தில் வாசித்தாள். காற்புள்ளி, ஒற்று உண்டு, பெரிய ற. பிறகு மூச்சை இழுத்து, அந்த எழுத்துக்கு உரிய முழு அளவைக் கொடுத்து வாசித்தாள்.

"நாரையும் வந்தது. அரைப்புள்ளி. நாளும் போயின. அரைப்புள்ளி."

பேனா இறங்கவில்லை. அடுத்த அறையில் விசைப்பலகையின் தட்டல் கேட்டது. அவர் கண் தாளிலேயே இருந்தது.

"மெய்ப்புல நரைன்னு இருக்கு," என்றார்.

"ஆமா சார்."

"மூலத்துல?"

"கால் இருக்கு. துணைக்கால். மை கூட மங்கல."

விசைப்பலகைச் சத்தம் நின்றது. அந்தப் பெண் எதற்கோ எழுந்துபோனாள் போலிருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவள் மூலத்தாளின் ஓரத்தை நேராக்கினாள். இந்த மௌனத்தை அவர் கடந்து வர வேண்டும். தான் பாதி வழியில் போய்க் கைகொடுத்தால் அது மன்னிப்புக் கேட்பதாகிவிடும். அவளுக்கு அதில் விருப்பமில்லை.

"அன்னிக்கு ரெண்டு தடவ கேட்டேன்," என்றார் கடைசியில்.

"ரெண்டு தடவயும் தப்பாத்தான் வாசிச்சேன்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

அந்த மேசையில் முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக விழுந்த 'உனக்கு'. இருவருமே அதைக் கேட்டார்கள்.

"மூலப்படிய நான்தானே கட்டி அனுப்பினேன், அப்ப. கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி."

அவர் உதட்டை மட்டும் அசைத்து எதையோ சொல்லிப் பார்த்தார். நாரை, யாரை. நாரை, யாரை. ஒரு விரல் மேசை விளிம்பில் தாளம் போட்டது. அவர் முகத்தில் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வந்தது வேறு: செய்யாத தப்புக்கு ஒருவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு அந்த ஆளின் வாசலிலேயே போய் நிற்கிறவனின் முகம்.

"அந்த மனுஷன் நொண்டவே இல்ல," என்றார். "போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் சொன்னேனே. கண்ணசந்துட்டார், கண்ணசந்துட்டார்னு."

"அசந்தது நான்."

"நீ அசர மாட்டியே. அன்னிக்கு மட்டும் என்ன?"

இதையும் அவள் இதுவரை சொன்னதில்லை. கேட்டவரும் இல்லை. "உங்க காதோரத்துல ஒரு முடி வெள்ளையா இருந்துச்சு," என்றாள். "அதப் பாத்துக்கிட்டே வாசிச்சேன்."

அவர் கை தானாக எழுந்து இடது காதுக்குப் போனது. அங்கே இப்போது எந்த முடியைக் காட்ட முடியும்? தலை முழுக்கவே அப்படித்தான் இருந்தது. விரல்கள் சிறிது நேரம் அங்கேயே எதையோ தேடுவது போல இருந்துவிட்டு இறங்கின.

"வலது பக்கம்," என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். பிறகு, தாழ்ந்த குரலில், "அந்த ஓட்டுநர் வெட்டின கல்லு?" என்றார்.

"அது இருக்கட்டும். அந்தம்மாவுக்கு நரைதான் வந்துச்சு. அதுல பிழை இல்ல."

"இது?"

அவர் சுட்டிக்காட்டியது மெய்ப்பை. அந்த வரியை, அதன் ஓரத்தில் வெறுமையாக இருந்த வெள்ளை இடத்தை. முதல் பதிப்பின் மெய்ப்பில் பென்சில் கேள்விக்குறி இருந்த அதே இடம். பதில் சொல்ல வேண்டியது அவளல்ல. வாசிப்பவர் வாசிக்கலாம், அவ்வளவுதான். குறி போடும் பேனா அவரிடம்தான் இருக்கிறது. இத்தனை வருடமும் அந்த ஏற்பாட்டில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இப்போதும் இல்லை. மூலத்தை மேசைமேல் வைத்து, அதன்மேல் கையைக் கோத்து வைத்துக்கொண்டாள்.

அவர் நாற்காலியில் சரிந்திருந்த உடம்பை நிமிர்த்தினார். கீழே இறங்கியிருந்த இடது காலை மறுபடி மடித்து மேலே வைத்தார். பேனாவை எடுத்தார்.

"இன்னொரு தடவ வாசி."

அவள் தாளைப் பார்க்கவில்லை. எதிரே, ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி, வெள்ளைத் தலையைச் சற்றே சாய்த்து, நீண்ட கழுத்தை இன்னும் நீட்டி, அவர் தாளின் பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாரையும் வந்தது," என்று வாசித்தாள்.

சிவப்புப் பேனாவின் கூரிய முனை அந்தச் சொல்லுக்கு ஒரு விரற்கடை மேலே, அசையாமல் நின்றது.